நிலைமாற்ற மதிப்பீடு (சிறப்புக் கல்வி)

நிலைமாற்ற மதிப்பீடு என்பது, மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் பள்ளிப் பருவத்திலிருந்து வயதுவந்தோர் வாழ்க்கைக்கு மாறுவதற்கு முன், அவருடைய திறன்கள், விருப்பங்கள், தேவைகள் ஆகியவற்றைத் தொடர்ச்சியாக அறிந்து பதிவு செய்யும் முறை ஆகும். வேலை, மேற்படிப்பு, வசிப்பிடம், பயணம், பணத்தைக் கையாளல், சமூக உறவுகள் ஆகியன இதில் அடங்கும். இதன் அடிப்படையில் மாணவருக்கான தனிநபர் திட்டம் வகுக்கப்படுகின்றது.

சான்றிதழிலிருந்து வேறுபாடு

இந்தியாவில் வழங்கப்படும் மாற்றுத்திறனாளி சான்றிதழ், குறைபாட்டின் அளவை விழுக்காட்டில் குறிப்பிடுகின்றது. இட ஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு தேவை. ஆனால் ஒரே விழுக்காடு கொண்ட இருவரில் ஒருவர் தனியே கடைக்குச் சென்று வரக்கூடும். மற்றவருக்குத் துணை தேவைப்படலாம். சான்றிதழ் உரிமைக்கான தகுதியைக் காட்டுகின்றது. எதை எந்த உதவியுடன் செய்ய இயலும் என்பதை நிலைமாற்ற மதிப்பீடே காட்டுகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1984 இல் மேடலின் வில் முன்வைத்த கொள்கை, பள்ளியிலிருந்து வேலைக்குச் செல்வதையே இலக்காகக் கொண்டிருந்தது. வேலை மட்டும் போதாது, வசிப்பிடமும் சமூகத் தொடர்புகளும் இணையாக முக்கியமானவை என 1985 இல் ஆன்ட்ரூ ஹால்பெர்ன் வாதிட்டார். அந்நாட்டுச் சட்டத்தில் 1990 இல் நிலைமாற்றச் சேவைகள் சேர்க்கப்பட்டன. 2004 இல் செய்யப்பட்ட திருத்தம், 16 வயதுக்குள் வயதுக்கேற்ற நிலைமாற்ற மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு இலக்குகளை வகுக்க வேண்டும் எனக் கூறுகின்றது.

முறைகள்

மாணவருடனும் பெற்றோருடனும் நேர்காணல், சரிபார்ப்புப் பட்டியல்கள், மாதிரி வேலைகள், இயல்பான சூழலில் உற்றுநோக்கல் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. பேச இயலாத மாணவரின் விருப்பத்தைப் படங்கள், சைகைகள் மூலம் அறியலாம்.

உற்றுநோக்கலில் ஒரு செயல் சிறு படிகளாகப் பிரிக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, வண்டலூரிலிருந்து தாம்பரத்துக்கு மின்தொடர்வண்டியில் செல்வதைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

1. பயணச்சீட்டு வாங்குதல்
2. தாம்பரம் செல்லும் நடைமேடையை அறிதல்
3. வண்டி நின்றபின் ஏறுதல்
4. இடையில் வரும் பெருங்களத்தூரில் இறங்காதிருத்தல்
5. தாம்பரத்தில் இறங்குதல்

ஒவ்வொரு படிக்கும் தானாகச் செய்கிறாரா, சொன்னால் செய்கிறாரா, கைபிடித்து உதவினால் செய்கிறாரா என்று குறிக்கப்படும். "பயணம் செய்ய இயலாது" என்ற ஒற்றை முடிவுக்குப் பதிலாக, பயிற்சி தேவைப்படும் படி எது என்பது இதனால் தெரிய வருகின்றது. படியில் ஏற இயலாமை போன்ற தடைகள், மாணவரின் குறையாக அன்றி நிலையத்தின் குறையாகவும் இருக்கக்கூடும். ஆகையால் சூழலும் மதிப்பிடப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில்

சென்னையில் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா ஆகியோர் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம் (எம்.டி.பி.எஸ்.) அறிவுசார் குறைபாடுடையோருக்காக இந்தியாவில் பரவலாகப் பயன்படுத்தப்படும் கருவியாகும். இதில் 18 பிரிவுகளும், பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 செயல்களும் உள்ளன. உண்ணுதல், உடுத்துதல் ஆகியவற்றுடன் நேரம், பணம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு, தொழில் ஆகியனவும் தனிப் பிரிவுகளாக இருப்பதால் நிலைமாற்றத் திட்டமிடலுக்கும் இது உதவுகின்றது.

வண்டலூர் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளுக்கு அண்மையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 இல் நிறுவப்பட்டது. இது நடுவண் அரசின் கீழ் இயங்குகின்றது. சிறப்புக் கல்வி, தொழிற்பயிற்சி, சிறப்பாசிரியர் பயிற்சி ஆகியவை இங்கு அளிக்கப்படுகின்றன.

18 வயதும் சட்டமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. 18 வயது நிறைந்ததும் பெற்றோர் சட்டப்படி இயல்பான பாதுகாவலர் அல்லர். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இன்கீழ், புறவுலகச் சிந்தனைக் குறைபாடு, பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குப் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவையா, எந்த நோக்கங்களுக்குத் தேவை என்பவற்றைக் குழு ஆராய வேண்டும். 2016 ஆம் ஆண்டுச் சட்டமோ குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டுமான வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைக் கொண்டுள்ளது.

எனவே பள்ளிப் பதிவேட்டில் உள்ள மதிப்பீடு சட்ட நோக்கிலும் முக்கியத்துவம் பெறுகின்றது. தன் பணத்தை உதவியுடன் கையாளக்கூடிய ஒருவரை "இயலாதவர்" என்று பொதுவாகப் பதிவு செய்தால், அவர் தாமே எடுக்கக்கூடிய முடிவுகளும் பிறர் கைக்குச் செல்ல நேரலாம். இக்காரணத்தால் மதிப்பீட்டைப் பள்ளியின் இறுதியாண்டுக்கு ஒத்திவைக்காமல், 14 வயதளவில் தொடங்கி ஆண்டுதோறும் புதுப்பிப்பது பயனுடையது.