இளவரசரை எழுப்பிய நாய்!

1572, செப்டம்பர் மாதத்து ஓர் இரவு. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மோன்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ முகாம். ஸ்பெயின் சாம்ராஜ்யத்தை எதிர்த்து டச்சுக்காரர்களைத் திரட்டிய ஆரஞ்ச் இளவரசர் வில்லியம், கூடாரத்துக்குள் அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். இருட்டில் ஓசைப்படாமல் நுழைகிறார்கள் ஸ்பானிய வீரர்கள். தங்கள் ஆளையே தாங்கள் வெட்டிவிடக் கூடாதே என்று, கவசத்துக்கு மேல் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை! காவலர்கள் சுதாரிப்பதற்குள் வெட்டும் குத்தும் ஆரம்பமாகிவிட்டது. இளவரசரோ எழுந்திருக்கவில்லை. எழுப்பியது அவருடைய குட்டி நாய். கத்திப் பிறாண்டிப் பார்த்து, கடைசியில் அவர் முகத்தின் மீதே தாவிக் குதித்ததாம்! இளவரசர் குதிரையேறித் தப்பினார். அவருடைய ஆட்கள் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதை எழுதி வைத்திருப்பவர் அந்தக் காலத்துப் போர்வீரர் ரோஜர் வில்லியம்ஸ். ‘அந்த நாய் இல்லையென்றால் நான் பிடிபட்டிருப்பேன்’ என்கிற பொருள்பட இளவரசரே அடிக்கடி சொல்வாராம். டெல்ஃப்ட் நகரத் தேவாலயத்தில் அவருடைய நினைவுச் சின்னத்தில் காலடியில் ஒரு நாய் படுத்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். அது என்ன ஜாதி நாய்? வில்லியம்ஸ் சொல்லும் அடையாளம்: வெள்ளை நிறம், சின்ன உருவம், வளைந்த மூக்கு. ‘எங்கள் பக்தான் அது!’ என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள் பக் பிரியர்கள். சிற்பத்தைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்கிறது. போகட்டும்!

பக் யார் என்று உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சின்னப் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடியதே, அதே நாய். நம் ஊரில் ‘ஹட்ச் நாய்’ என்றே பெயர் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு எத்தனை வீடுகளில், ‘அப்பா, நமக்கும் ஒண்ணு வாங்குப்பா’ என்ற பிடுங்கல்! உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், பர்ஸை எடுக்கும் முன் இதன் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

பக்கின் பூர்வீகம் சீனா. சக்கரவர்த்திகளின் அரண்மனையில் செல்லமாக வளர்ந்த சப்பை மூக்குக் குட்டி நாய்களின் வம்சம். வியாபாரக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போனது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபினிடம் ‘ஃபார்ச்சூன்’ என்று ஒரு பக் இருந்தது. 1796-ல் கல்யாணமானபோது படுக்கையை விட்டு அது நகர மறுத்ததாம். விரட்டப் பார்த்த நெப்போலியனின் காலில் ஒரு கடி! ஐரோப்பாவே நடுங்கப்போகிற மனிதர், அந்தச் சின்ன நாயிடம் தோற்றுப்போனார் என்பார்கள்.

இப்போது ஒரு முக்கியமான சாட்சி. இங்கிலாந்து ஓவியர் வில்லியம் ஹோகார்த், தன் செல்ல நாய் ‘ட்ரம்ப்’போடு சேர்த்துத் தன்னையே வரைந்த ஓவியம், 1745-ல் முடித்தது, லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சொத்து. அதில் இருக்கும் பக்கை உற்றுப் பாருங்கள். மூக்கு இருக்கிறது! குட்டைதான், ஆனால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நிஜமான மூக்கு. இன்றைய பக்குக்கு அது எங்கே போயிற்று?

மனிதர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் நாய்க் கண்காட்சிகள் பிரபலமாயின. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. எந்த நாய் எப்படி இருக்கவேண்டும் என்று அளவுகோல்கள் வந்தன. வட்ட முகம், பெரிய கண், சப்பை மூக்கு... ஏறக்குறைய ஒரு கைக்குழந்தையின் முகம்! அப்படிப்பட்ட நாய்க்குப் பரிசு. பரிசு வாங்கிய நாய்களையே இணை சேர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

சிக்கல் எங்கே தெரியுமா? பெட்டியைச் சுருக்கிவிட்டார்கள், உள்ளே இருக்கிற சாமான் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மேலண்ணத்துச் சதை தொண்டையை அடைக்கிறது. மூக்குத் துவாரம் வெறும் கீறலாக இருக்கிறது. ‘எங்க நாய் தாத்தா மாதிரி குறட்டை விடும்’ என்று நாம் ரசிக்கிறோமே, பல நாய்களுக்கு அது மூச்சுக்கான போராட்டம். 2022-ல் இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களைவிட பக்குக்கு ஏதாவதொரு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இந்த மூச்சுத் திணறல் கோளாறு மட்டும் சுமார் 54 மடங்கு! உடல் நலத்தைப் பொறுத்தவரை இதைச் சாதாரண நாயாகவே கருத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நம் ஊருக்கு இது இன்னும் பெரிய விஷயம். நமக்கு வியர்க்கிற மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்த வழியே அடைத்திருந்தால்? மே மாதத்துச் சென்னையை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பக் வாங்கவே கூடாதா? அதன் நல்ல குணங்களையும் சொல்லியாக வேண்டும். எட்டு கிலோ எடைதான். ஃப்ளாட்டில் அடங்கும். குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். பொதுவாக, ஓயாமல் குரைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்களுக்குச் சண்டை மூட்டிவிடாது. ஆனால், குடும்பத்தோடு உட்கார்ந்து சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பகலெல்லாம் வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லோரும் ஆபீஸ், ஸ்கூல் என்று கிளம்பிவிட்டால், மனிதர்களின் மடியிலேயே இருக்கப் பிறந்த இந்த ஜீவன் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். மத்தியான வெயிலில் ஏ.சி. கட்டுப்படியாகுமா? வாக்கிங் விடியற்காலையிலும் இரவிலும்தான், முடியுமா? முகத்து மடிப்புகளைத் தினம் துடைக்க, துருத்திய கண்ணில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? முக்கியமாக, அது முறைத்து முறைத்துப் பார்த்தாலும் தட்டிலிருந்து ஒரு துண்டு மைசூர்பாகு போடாமல் இருக்கிற மன உறுதி பாட்டிக்கு உண்டா? எடை கூடினால் மூச்சு இன்னும் முட்டும். ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் செலவுக்குத் தயாரா?

எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், குட்டியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் நடக்க வைத்து அதன் மூச்சைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு பதிலாவது ‘இல்லை’ என்றால், தெருவில் பிறந்து காப்பகத்தில் வீடு தேடிக் காத்திருக்கும் நம் ஊர் நாய் ஒன்றை யோசியுங்கள். மூக்கு நீளம், வெயில் பழக்கம், விசுவாசத்திலும் குறைச்சலில்லை.

கடைசியாக ஒரு செய்தி. மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று ஒரு நாடு 2019-ல் கறாராக விதி வகுத்தது. பக் அந்தப் பரீட்சையில் தேறுவது ரொம்பக் கஷ்டம். அது எந்த நாடு தெரியுமா? ஒரு நாய் தாவிக் குதித்து உயிரைக் காப்பாற்றிய அந்த இளவரசரைத் தேசத் தந்தையாகக் கொண்டாடும் நெதர்லாந்துதான்! பட்ட நன்றிக்கடனை இதைவிட நன்றாக எப்படித் தீர்க்க முடியும்?