பழைய நிகழ்படங்களைப் பெருந்திரைக்கு மேம்படுத்தல்

பழைய நிகழ்படங்களைப் பெருந்திரைக்கு மேம்படுத்தல் என்பது, படச்சுருள், நிகழ்பட நாடா, விசிடி, டிவிடி ஆகியவற்றில் எஞ்சியுள்ள பழைய காட்சிகளைத் திரையரங்கிலோ அரங்கத்திலோ பெரிய அளவில் காட்டத்தக்கவாறு சீரமைக்கும் பணியாகும். மூலப் படச்சுருளிலிருந்து செய்யப்படுவது மீட்டெடுப்பு என்றும், நாடா அல்லது வட்டிலிருந்து செய்யப்படுவது மேம்படுத்தல் என்றும் வேறுபடுத்துவது நல்லது. பின்னதில், இழந்த விவரங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

அளவுச் சிக்கல்

இந்தியாவில் வழங்கிய 'பால்' தொலைக்காட்சி முறைப்படி டிவிடியின் ஒரு சட்டகம் 720 × 576 படவணுக்களைக் கொண்டது. விசிடியில் இது 352 × 288 மட்டுமே. திரையரங்குகளின் 2கே எண்ணிம ஒளிபடக்காட்டி 2048 × 1080 படவணுக்களைக் காட்ட வல்லது. அதாவது டிவிடியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல், விசிடியைப் போல் ஏறத்தாழ 22 மடங்கு. டிவிடிப் படத்தை 12 மீட்டர் அகலத்துக்கு விரித்தால் ஒரு படவணு சுமார் 17 மில்லிமீட்டர் அகலமாகிவிடும். வீட்டுத் தொலைக்காட்சியில் கண்ணுக்குப் புலப்படாத குறைகள் அரங்கில் உறுத்துவதற்கு இதுவே காரணம்.

வரிப்பின்னல்

பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகம் இரண்டு புலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் அடுத்தடுத்து வரும். இவற்றை அப்படியே ஒன்றுசேர்த்துக் காட்டினால் அசையும் பொருட்களின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும்.

இங்கு மூலத்தை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. படச்சுருளிலிருந்து மாற்றப்பட்ட திரைப்படமாயின் இரு புலங்களும் பெரும்பாலும் ஒரே சட்டகத்திலிருந்து வந்தவை. அவற்றைச் சரியாக இணைத்தாலே போதும். ஒரு புலத்தை நீக்கிவிடும் எளிய முறையை இங்குப் பயன்படுத்தினால் செங்குத்து விவரத்தில் பாதி வீணாகும். மாறாக, 1980களில் நிகழ்படக் கருவியால் பதிவுசெய்யப்பட்ட திருவரங்கம் வைகுண்ட ஏகாதசி போன்ற விழாக் காட்சிகளில் இரு புலங்களும் வெவ்வேறு கணங்களைக் காட்டுவன. இவற்றுக்கு அசைவைக் கணித்து இடைவரிகளை நிரப்பும் முறை தேவை.

இரைச்சல் நீக்கம் பெரிதாக்கலுக்கு முன்னரே செய்யப்பட வேண்டும். இல்லையெனில் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால் உருவங்களைச் சுற்றி வெண்கோடுகள் எழும். படச்சுருளின் இயல்பான துகள்தன்மையை முற்றாகத் துடைத்தெடுத்தால் நடிகர்களின் முகம் மெழுகுப் பொம்மை போலாகிவிடும். இன்று இணையத்தில் காணப்படும் 'உயர்தர'ப் பழைய பாடற்காட்சிகள் பலவற்றில் இக்குறையைக் காணலாம்.

வேகமும் சுருதியும்

பேசும் படங்கள் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் எடுக்கப்பட்டவை. 'பால்' முறையோ 25 சட்டகங்களைக் கோருவது. எனவே நாடாவுக்கு மாற்றும்போது படம் வழக்கமாக 4 விழுக்காடு விரைவாக ஓட்டப்பட்டது. 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடும்; பாடல்களின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் படங்களைப் போல பாட்டே உயிராக விளங்கும் படங்களில் இதைத் திருத்தாமல் விடுவது பெருங்குறை.

ஊமைப்படங்கள் கையால் சுழற்றிய கருவிகளால் வெவ்வேறு வேகங்களில் எடுக்கப்பட்டவை. 1905 இல் திருச்சிராப்பள்ளியில், தென்னிந்திய இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய கருவியால் காட்டியவை இவ்வகைப் படங்களே. 24 சட்டக வேகத்தில் ஓட்டும்போது இவற்றின் மாந்தர் துள்ளி நடப்பதாகத் தோன்றுவர். பீட்டர் ஜாக்சனின் 2018 ஆம் ஆண்டு முதல் உலகப் போர் ஆவணப்படத்தில் இடைச்சட்டகங்களைக் கணினி வழி உருவாக்கி இது சரிசெய்யப்பட்டது.

தமிழ்ப் படங்கள்

பி. ஆர். பந்துலு இயக்கிய கர்ணன் (1964) திரைப்படத்தின் மீட்டெடுப்பு இத்துறையில் பரவலாக அறியப்பட்ட முயற்சி. ஒலித்தடம் மிகவும் பழுதடைந்திருந்தமையால் படத்தை விட ஒலியைச் சீரமைப்பதே கடினமாயிற்று. திவ்யா பிலிம்சு நிறுவனம் இதனை மார்ச் 16, 2012 அன்று வெளியிட்டது. சென்னையில் படம் 100 நாட்களுக்கு மேல் ஓடியது. ஆயிரத்தில் ஒருவன் (1965) 2014 இல் இவ்வாறே மீண்டும் வெளிவந்தது.

கர்ணன் அகலத்திரை வடிவுக்கு மாற்றி வெளியிடப்பட்டது. ஏறக்குறைய 4:3 விகிதத்தில் அமைந்த ஒரு படத்தை 2.39:1 விகிதத்துக்கு வெட்டினால் மேலும் கீழுமாக நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி மறையும். இருபுறமும் கருப்பு விட்டு மூல வடிவிலேயே காட்டுவதே ஆவணக் காப்பாளர்கள் ஏற்கும் முறை. ஆனால் வெறுமையான ஓரங்களை விநியோகத்தர் விரும்புவதில்லை.

சென்னை ஜெமினி கலையகத்தில் எடுக்கப்பட்ட உதய் சங்கரின் கல்பனா (1948), புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்த படிகளைக் கொண்டு இத்தாலியின் பொலோனாவில் மீட்டெடுக்கப்பட்டது. எல்லாப் படங்களுக்கும் இவ்வாய்ப்பு இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸின் (1931) படி எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்களும் உண்டு. மூலச்சுருள் அழிந்து விசிடி மட்டும் எஞ்சிய படங்களுக்கு மேம்படுத்தல் ஒன்றே வழி.

இயந்திரக் கற்றல்

அண்மைக்கால மென்பொருட்கள் எண்ணற்ற படங்களைக் கற்று, இல்லாத விவரங்களை ஊகித்து நிரப்புகின்றன. தொலைவில் நிற்கும் ஒருவரின் மங்கலான முகம் தெளிவடையும். ஆனால் அது அவருடைய முகமாக இருக்க வேண்டுமென்பதில்லை. கடைப்பலகை எழுத்துகள் பொருளற்ற கிறுக்கல்களாக மாறுவதும் உண்டு. எனவே வரலாற்றுப் பதிவுகளில், மாற்றம் செய்யப்படாத மூலப்படி தனியே பேணப்படுகிறது.