பேச்சில் மட்டும் ஓடும் படங்கள்: வாவிக்கரையிலிருந்து ஒரு வாதம்

எந்தப் படம் கிளாசிக் என்ற சண்டைக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. காத்தான்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஆரையம்பதியில் அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் சிவாஜியிலோ எம்.ஜி.ஆரிலோ வந்து நிற்கும். ஒருவர் ‘கர்ணன்’ என்பார். மற்றவர் ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்பார். இரண்டையும் இயக்கியவர் பி. ஆர். பந்துலுதான் என்று யாராவது எடுத்துச் சொன்னாலும் சண்டை தணியாது. வாசிப்புப் பழக்கம் உள்ளவர் ‘அந்த நாள்’, ‘உதிரிப்பூக்கள்’ என்று இடையில் நுழைவார். இலங்கையில் எடுத்த ‘பொன்மணி’யின் பெயர் வந்தால் மட்டும் பேச்சு சற்றுத் தடுமாறும். “அத நீ எங்க மச்சான் பாத்த?” என்று ஒரு கேள்வி விழும். அநேகமாக அதற்குப் பதில் இராது.

கிளாசிக் பற்றிய விமர்சன எழுத்துகள் இந்தக் கேள்வியைப் பொருட்படுத்துவதில்லை. அவை வழக்கமாக மூன்று அளவுகோல்களோடு நின்றுவிடுகின்றன: படத்தின் வயது, விமர்சகர் மதிப்பு, திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் ஆற்றல். மூன்றுமே ஒன்றை மௌனமாக எடுத்துக்கொள்கின்றன. படம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே அது. அந்த எடுகோள் இலங்கைத் தமிழ்ப் பார்வையாளருக்குப் பொருந்தாது. இங்கே ரசனைக்கு முன்னரே விநியோகமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் தீயும் போரும் பட்டியலைத் தீர்மானித்துவிட்டன.

வயது என்ற அளவுகோல் மூன்றிலும் பலவீனமானது. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வருகிறது. 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ முதல் வாக்கெடுப்பில் முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை. 1962 முதல் 2002 வரை அதுவே முதலிடத்தில் இருந்தது. 2012இல் ‘வெர்டிகோ’ அதை இறக்கியது. 2022இல் ஷாந்தால் அக்கர்மனின் ‘ஷான் தில்மான்’ முன்னுக்கு வந்தது. படங்களின் ஒரு பிரேம்கூட மாறவில்லை. யார் வாக்களித்தார்கள், அவர்களுக்கு எந்தப் படங்கள் காணக் கிடைத்தன என்பவைதான் மாறின.

தமிழில் இதற்கு ஈடான மாற்றத்தைக் காட்டும் படம் ‘கர்ணன்’. 1964 பொங்கலுக்கு அதுவும் எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ படமும் ஒரே நாளில் வெளிவந்தன. எது வென்றது என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ‘கர்ணன்’ போட்ட பணத்தை மீட்டதா என்பதிலும் கருத்து ஒன்றில்லை. ஆனால் 2012 மார்ச்சில் படத்தைத் துலக்கி, ஒலியைச் சீராக்கி, டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டபோது தமிழகத்தில் அது நூறு நாளைத் தாண்டி ஓடியது. இரண்டு ஆண்டு கழித்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதே வழியில் வந்தது. சிவாஜியை ஒருநாளும் கொட்டகையில் பார்த்திராத தலைமுறை ‘கர்ணன்’ படத்தைக் கிளாசிக் என்று ஏற்றுக்கொண்டதற்கு விமர்சனக் கட்டுரைகள் காரணமல்ல. ரசிகர்களின் பிடிவாதமும் ஒரு விநியோகஸ்தரின் துணிச்சலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் துலக்கத் தக்க நிலையில் ஒரு பிரதி கிடைத்ததும்தான் காரணம்.

வாவிக்கரையில் ‘கர்ணன்’ இன்னொரு தராசிலும் ஏறுகிறது. ‘கர்ணன் போர்’ மட்டக்களப்பு வடமோடிக் கூத்துகளில் பேர்பெற்ற ஒன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்கு ஏற்றத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டதும் அதையே. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். ஆகவே இப்பகுதியின் மூத்த பார்வையாளருக்குப் பந்துலுவின் படம் வருமுன்னரே ஒரு கர்ணன் தெரியும். வட்டக் களரியில் விடியவிடிய ஆடி, கொலு வந்து, தாளத்துக்கு மிதித்து, பொழுது புலரும் நேரத்தில் சாகும் கர்ணன் அவன். கூத்தில் அவன் மனைவி பொன்னுருவி. படத்தில் தேவிகா நடிக்கும் மனைவியின் பெயர் சுபாங்கி. “பொன்னுருவி இல்லாமல் என்ன கர்ணன்?” என்று கூத்துப் பழக்கமுள்ள ஒருவர் கேட்டால் அது வெறும் பெயர்ச் சண்டையல்ல. கணவனின் பிறப்பைக் குறையாக நினைக்கும் மனைவியின் கதை கூத்தில் உண்டு. படத்தில் அந்தக் கூர்மை மழுங்கி, பழி மாமனார் பக்கம் போய்விடுகிறது. படத்தைப் படத்தோடு மட்டும் ஒப்பிடும் விமர்சகருக்கு இந்த வாசிப்பு எட்டாது.

கூத்தும் சினிமாவும் பிழைத்திருக்கும் விதம் வேறு என்பதையும் இங்கேயே கவனிக்க வேண்டும். கூத்து ஒவ்வொரு அரங்கேற்றத்திலும் புதிதாகப் பிறக்கிறது. அண்ணாவியாரின் கொப்பி கரையான் தின்றாலும் பாட்டு நாலு பேர் தொண்டையில் இருந்தால் போதும், அடுத்த சடங்குக்கு ஆடிவிடலாம். சினிமாவுக்கு அந்த வசதி இல்லை. நெகட்டிவும் பிரதிகளும் போனால் படம் போயிற்று.

படம் போனாலும் பாட்டு மிஞ்சும் என்பது உண்மை. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கியதும் அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்தது. கிழக்கில் ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கணக்கான படங்கள் முதலில் அதன் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி வழியாகத்தான் அறிமுகமாயின. பாட்டைக் கேட்டுப் படத்தைக் கற்பனை செய்தவர்கள் ஏராளம். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் அதற்குத் துணை நின்றது. கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிக்கும் அந்தச் சிறு பிரசுரம், பிரதி தொலைந்த படங்கள் சிலவற்றுக்கு இன்று மிஞ்சிய ஒரே சான்று. வானொலி வளர்த்த இந்த நினைவுக்கு ஒரு பக்கச்சாய்வு உண்டு. பாட்டுள்ள படம் காதில் தங்கும். பாட்டில்லாத படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இலங்கையில் 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்தது. தென்னிந்தியப் படங்களின் வரவு சுருங்கியது. வந்தவையும் காலம் தாழ்த்தியே வந்தன. அதனால் இருந்த பிரதிகளே கொட்டகை கொட்டகையாகச் சுற்றின. ஒரே படத்தைப் பல தடவை பார்ப்பது ரசனையால் மட்டும் வந்த பழக்கமல்ல. வேறு படம் வரவில்லை. ‘திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் ஆற்றல்’ என்ற அளவுகோலை இலங்கையில் பிரயோகிக்கும்போது இந்த ஒன்றை மறக்கலாகாது. பின்னர் போர்க்காலத்தில், மின்சாரம் அறுந்த ஊர்களில் வீடியோ ‘டெக்’கையும் ஜெனரேட்டரையும் வாடகைக்கு எடுத்து, இரவிரவாக மூன்று நான்கு படம் போட்டார்கள். எந்தக் கசெட் கடையில் இருந்ததோ அதுவே அந்த இரவின் கிளாசிக்.

அதே கட்டுப்பாட்டுக் காலந்தான் உள்ளூர்த் தமிழ்ச் சினிமாவுக்கு முன்பே இருந்த வாசலை அகலத் திறந்தது. 1962இல் ஹென்றி சந்திரவன்ச எடுத்த ‘சமுதாயம்’ தொடக்கம் 1993இல் வந்த ‘ஷார்மிளாவின் இதயராகம்’ வரை ஏறத்தாழ முப்பது படங்கள். தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’யில் இவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார், அந்த நூல் இல்லையென்றால் பல படங்களின் பெயரே மறைந்திருக்கும். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ (1976), செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய ‘வாடைக்காற்று’ (1978) ஆகியவை அதிகம் பேசப்பட்டவை. தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977) வெளிவந்தபோது ஓடவில்லை. யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டுமானத்தை ஒரு சிங்கள இயக்குநர் நிதானமான, ஆரவாரமற்ற காட்சிகளில் காட்டினார், எம்.ஜி.ஆர். படத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது படமாகவே தெரியவில்லை. இன்றோ இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் உச்சம் எது என்று ஆய்வாளரைக் கேட்டால் முதலில் வரும் பெயர் அதுதான். ‘கோமாளிகள்’ கொட்டகையை நிரப்பியது. எது கிளாசிக்?

விமர்சகருக்கு ஒன்று, ரசிகருக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுப்பது இதற்கு எளிய விடை. அது போதாது. இருவருமே நினைவிலிருந்து பேசுகிறார்கள்; ஒருவர் நினைவை இன்னொருவர் சோதிக்க வழியில்லை. 1983 ஜூலையில் ஹேந்தளையில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களச் சினிமாவின் தொடக்கத்தைத் தயாரிப்பாளராக நின்று நடத்தியவர்களில் தமிழர் பலர் என்பதால் அந்தத் தீ ஒரு மொழியின் சொத்தை மட்டும் தின்னவில்லை. 1947இல் வந்த முதற் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொறொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘சந்தேசய’வுக்குப் பணம் போட்டவர் குணரத்தினமேதான்.

ஒரு படம் கிளாசிக் ஆவதற்கும் அது காப்பாற்றப்படுவதற்கும் இடையே ஒரு சுழல் இருக்கிறது. பேர்பெற்ற படத்தைத்தான் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றப்பட்ட படந்தான் பேர்பெறுகிறது. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் இலண்டனில் ஒரு பட ஆய்வுகூடத் தீயில் கருகின. உலகம் அவற்றை முன்னரே கொண்டாடிவிட்டதால், கருகிய சுருளையும் விடாமல் வைத்திருந்து, பல நாட்டுப் பிரதிகளோடு சேர்த்து 2015இல் மீட்டெடுத்தார்கள். சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ (1978) மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் வழியாகத் துலக்கப்பட்டு 2025இல் கான் விழாவின் கிளாசிக் பிரிவில் திரையேறியது. அந்தப் படத்துக்கு ஓராண்டு முன்பே வெளிவந்த ‘பொன்மணி’க்கு அப்படியொரு மேடை இன்னும் அமையவில்லை. இந்த வேறுபாட்டைக் கலைத்தரத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

தமிழகத்திலும் இதே கணக்குதான். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ 1954இல் முதல் ஓட்டத்தில் ஏமாற்றியது. ஆனால் அது ஏ.வி.எம். தயாரிப்பு, பெரிய ஸ்ரூடியோவின் அலமாரி அதைப் பத்திரப்படுத்தியது. அதன் இயக்குநர் எஸ். பாலசந்தரின் துணிச்சலை இன்று மாணவர்கள் காட்சி காட்சியாகப் படிக்கிறார்கள். ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கி, தேசிய விருதும் பெற்ற ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) சிறு முதலீட்டுப் படம். அது இன்று காணக் கிடைப்பதில்லை. துணிச்சலில் இரண்டும் சளைத்தவையல்ல. ஒன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது, மற்றது ஞாபகக் குறிப்புகளில் இருக்கிறது.

வாவிக்கரைக்கு இந்த இழப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது என்று சொல்லலாம். மட்டக்களப்பு நகரை ஒட்டிய அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர் பாலு மகேந்திரா. பள்ளிச் சுற்றுலாவில் கித்துல்கலையில் டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததே தமக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்த நேரம் என்று அவர் சொல்லி வந்தார். பின்னர் புனே திரைப்படக் கல்லூரி, மலையாளத்தில் ‘நெல்லு’, கன்னடத்தில் ‘கோகிலா’, தமிழில் ‘அழியாத கோலங்கள்’, ‘மூன்றாம் பிறை’. 1988இல் ‘வீடு’. தாம் சிறுவனாக இருந்தபோது வீடு கட்டத் தொடங்கிய தாயின் முகத்தில் சிரிப்பு மறைந்துபோனதிலிருந்தே அப்படம் பிறந்தது என்பதும் அவர் கூற்று.

அதில் ஒரு காட்சி. கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். சொக்கலிங்க பாகவதரின் தளர்ந்த நடை. பூசாத சுவரைத் தடவுகிறார், கதவில்லாத வாசலில் நுழைகிறார், ஒவ்வோர் அறையாக நின்று பார்க்கிறார். வசனமில்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை மட்டும். படத்தில் பாட்டும் கிடையாது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. மூன்று அளவுகோல்களில் எதை வைத்துப் பார்த்தாலும் தேறும் படம். ஆனால் ‘வீடு’, ‘சந்தியாராகம்’ ஆகியவற்றின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதை 2014இல் காலமாகும் முன் பாலு மகேந்திரா மேடைகளில் மனம் நொந்து சொன்னார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று மன்றாடினார். இன்று பூசாத சுவரைத் தடவும் அந்த விரல்களை மங்கிய வீடியோப் பிரதியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒளிப்பதிவாளராகவே முதலில் அறியப்பட்ட ஒருவரின் படத்தில், ஒளியைப் பற்றிப் பேச முடியாத நிலை.

கிடைப்பதெல்லாம் கிளாசிக் என்றால் தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் படங்கள் எல்லாம் கிளாசிக்கா என்று ஒருவர் மடக்கலாம். நியாயந்தான், கையில் இருப்பது முதல் நிபந்தனை, முழு நிபந்தனையல்ல. கிடைத்த படத்தை அடுத்த தலைமுறை எடுத்துப் பார்த்து, ஏற்கவோ எதிர்க்கவோ, பொன்னுருவி எங்கே என்று கேட்கவோ முடிய வேண்டும். அப்படி மறுபடி மறுபடி வழக்குக்கு வரும் படமே கிளாசிக். எல்லோரும் ஒத்துப்போய் மாலை போட்டுவிட்ட படத்தைவிட, இன்றும் சண்டை மூட்டும் ‘கர்ணன்’ அதற்கு நல்ல உதாரணம். இந்த அளவுகோலில் ‘பொன்மணி’யும் ‘குத்துவிளக்கு’ம் தோற்றவையல்ல. அவற்றின் வழக்கு இன்னும் எடுக்கப்படவேயில்லை.

வழக்கு எடுக்கப்பட வேண்டுமென்றால் ஆவணம் வேண்டும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கூத்தையும் இசையையும் ஆய்வுப் பொருளாக்கியிருக்கிறது. திரைப்படப் பிரதிகளைத் தேடுவதும் அதன் எல்லைக்கு வெளியே இல்லை. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி வரும் நூலக நிறுவனம் காட்டிய வழி பாட்டுப் புத்தகத்துக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் கொட்டகைச் சுவரொட்டிக்கும் பொருந்தும். இலங்கைக்கு ஒரு தேசியத் திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று சிங்களக் கலைஞர்கள் பல தசாப்தங்களாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் தமிழ்ப் படங்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கத் தேவதாஸின் நூல் ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும். எந்தப் படத்தின் 35 மில்லிமீற்றர்ப் பிரதி யார் வீட்டில், எந்த நிலையில் கிடக்கிறது என்ற கணக்கெடுப்பைத் தயாரிப்பாளர் குடும்பங்களின் மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே செய்தாக வேண்டும். படச்சுருள் புளித்து வினாகிரி மணக்கத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு அதிக அவகாசம் இல்லை.