பதினேழே நகர்த்தலில் ஒரு தங்கம்

கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் 1988 நவம்பரில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பெண்கள் பிரிவில் 1957 முதல் சோவியத் ஒன்றியம் களமிறங்கிய 11 முறையும் தங்கம் அவர்களுக்குத்தான்.

இம்முறை ஹங்கேரி அனுப்பிய நால்வரில் மூவர் உடன்பிறந்தவர்கள்: சூசன், ஜூடிட், சோபியா போல்கார். நான்காமவர் இல்டிகோ மாட்ல். இரண்டாவது பலகையில் ஆடிய ஜூடிட்டுக்கு வயது 12.

பல்கேரியாவின் பவ்லினா அங்கெலோவா அவருக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் சிசிலியன் தடுப்பாட்டம் ஆடினார். மூன்றாவது நகர்த்தலில் ஜூடிட் மந்திரியை பி5 கட்டத்துக்கு அனுப்பினார். ரொசோலிமோ என்ற தொடக்கம் இது. கீவில் பிறந்து, பிரான்சுக்காக ஆடி, பிறகு நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டிய கிராண்ட்மாஸ்டர் நிக்கோலஸ் ரொசோலிமோவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

ஆறாவது நகர்த்தலில்தான் வேடிக்கை. பி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளி, வெட்டிக்கொள் என்று நீட்டினார் ஜூடிட். குதிரை வெட்டியது. உடனே சி3 சிப்பாய் அதை விரட்ட, குதிரை பின்வாங்கிய நேரத்தில் டி4 வந்து நடுப்பலகை திறந்தது. கறுப்பு ராஜா இன்னும் கோட்டைக்குள் போகவில்லை. வெள்ளையின் யானையோ அதற்குள் இ1-இல் தயாராக நின்றது.

பதினொன்றாவது நகர்த்தலில் இ5-க்கு ஏறிய சிப்பாய் ஜி7 மந்திரியின் வழியை அடைத்தது. பதினைந்தாவதில் அங்கெலோவா பொறுமை இழந்து அதே மந்திரியால் அந்தச் சிப்பாயை வெட்டினார். யானை மந்திரியை வெட்டியது, குதிரை யானையை வெட்டியது. காவல் மந்திரி போனதும் ஜூடிட்டின் மந்திரி எஃப்6-இல் வந்து உட்கார்ந்தது. அடுத்து ராணி எச்6-க்கு வந்தால், அதன் பிறகு ஜி7-இல் செக்மேட். தடுக்க வேண்டுமானால் ராணியைக் கொடுக்க வேண்டும். 17 நகர்த்தல்களில் அங்கெலோவா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்தப் போட்டியில் ஜூடிட் 13 ஆட்டங்களில் எடுத்தது 12.5 புள்ளி. ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியையும் கூட்டியே அப்போது இடம் தீர்மானிக்கப்பட்டது. ஹங்கேரி 33, சோவியத் ஒன்றியம் 32.5. அங்கெலோவா டிரா செய்திருந்தால்கூட இரண்டு அணிகளும் சமநிலையில் நின்றிருக்கும்.

2018-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில், மேக்னஸ் கார்ல்சனுக்கு எதிராக ஃபேபியானோ கருவானா இதே ஆறாவது நகர்த்தலை ஆடினார். கார்ல்சனும் குதிரையால்தான் வெட்டினார். ஆட்டம் டிரா ஆனது.