ஜீவனாம்ச வரம்பின் வரலாறு

மணமுறிவு என்றவுடன் அறிஞர் பலரும் பிரிதல் தகுமோ தகாதோ என்பதனையே ஆராய்வர். பிரிந்தபின் மனைவியும் மகவும் எதனை உண்டு வாழ்வர் என்னும் வினா பின்தங்கிவிடும். அவ்வினாவிற்கு இந்நாட்டுச் சட்டம் விடை பகர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பொருளுடையான் ஒருவன் தன் மனைவியையோ, தன்னைக் காத்துக்கொள்ளவியலாத மகவையோ புறக்கணிப்பின், மாதந்தோறும் ஜீவனாம்சம் அளிக்குமாறு மாஜிஸ்திரேட் கட்டளையிடலாம் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு விதித்தது. மகவு முறையான மணத்திற் பிறந்ததோ அன்றோ என்னும் வேற்றுமையை அது பாராட்டிலது. இது போற்றத்தக்கதே. ஆயினும், அவன் எத்துணைச் செல்வனாயினும் தொகை மாதம் 50 ரூபாய்க்கு மேற்படலாகாது என வரம்பு கட்டிற்று.

அவ்வரம்பு 1923-இல் 100 ஆயிற்று. 1955-இல் 500 ஆயிற்று. அவ்வாண்டு வந்த இந்து திருமணச் சட்டம் மணமுறிவிற்கும், அதன்பின் நிலையான ஜீவனாம்சத்திற்கும் வழிவகுத்தது. எனினும், மணம் முறிந்தாள் மனைவியல்லள் ஆதலின், மாஜிஸ்திரேட்டிடம் விரைந்து பெறும் வழி அவளுக்கு அடைபட்டே கிடந்தது. 1973-ஆம் ஆண்டுப் புதுச்சட்டத்தின் 125-ஆம் பிரிவு அக்குறையை நீக்கி, மறுமணம் புரியாதவரை அவளையும் மனைவியென்றே கொண்டது.

தொகையோ 500-இலேயே நின்றது. அது குடும்பம் முழுமைக்குமன்று, ஆளொன்றுக்கு என்று 1978-இல் சுப்ரீம் கோர்ட்டு பொருள் கண்டது. சில மாநிலங்கள் தத்தம் எல்லையுள் வரம்பை உயர்த்தின. அரிசி விலையும் வீட்டு வாடகையும் பன்மடங்கு ஏறியும், மையச் சட்டம் 46 ஆண்டு அசைந்திலது. 2001-இல்தான் வரம்பு ஒழிந்தது. இடைக்காலத் தொகை கோரும் மனுவைக் கூடியவரை 60 நாளுள் முடித்தல் வேண்டும் என்னும் விதியும் உடன் வந்தது. மனுச் செய்த நாள் முதலே ஜீவனாம்சம் உரியது என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் இவ்விதிகள் பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-ஆம் பிரிவாய் விளங்குகின்றன. நிலுவைக்கு இப்பிரிவின்படி வாரண்டு பெற விரும்புவோர், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டிற்குள் கோர்ட்டை நாடுதல் வேண்டும்.

நங்குலப் பெரியோர் ஊர்ப் பஞ்சாயத்திற் கூடிக் கணவன் மனைவியரைப் பிரித்துவைக்குங்கால், ஒருமுறை கொடுக்குந் தொகையோடு கணக்குத் தீர்ந்ததெனக் கலைதலை யாம் பன்முறை கண்டுளேம். 1955-இன் 500 ரூபாய் காலத்தாற் சிறுத்தவாறே அத்தொகையும் சிறுக்கும், குழந்தையோ வளரும். தீர்ப்புரைப்போர் இதனை மறவாதிருத்தல் கடன்.