முத்துச்சிப்பியும் நீலக் குழந்தையும்

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நானாட்டான் வயல்களிலே காலபோக அறுவடை முடிந்திருந்த நாட்களில், எமது பாடசாலையில் ஒரு குழந்தைக்காகப் பணம் சேர்த்தோம். எம் மாணவி ஒருத்தியின் தம்பி, நான்கு வயது. பத்தடி ஓடினால் குந்திவிடுவான். உதடும் நகமும் நாவற்பழ நிறமாகிவிடும். பிறக்கும்போதே இருதயத்திற் குறையுடன் பிறந்த பிள்ளை. சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. செய்வது அரசாங்க வைத்தியசாலை. ஆயின், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்குத் தாயும் பிள்ளையும் பலமுறை போய்வர வேண்டும், அங்கே தங்க வேண்டும், தந்தை வேலைக்குப் போகாத நாட்களில் வீட்டில் உலை ஏற வேண்டும். தந்தை தச்சு வேலைக்குக் கூலியாய்ச் செல்பவர். சேர்ந்த பணத்தை அவர் கையில் கொடுத்தபோது, நன்றி சொல்வதற்குப் பதிலாக எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், என்ர பிள்ளை ஊருக்குப் போய்வர நீங்கள் காசு சேர்த்துத் தாறியள். இந்த ஒப்பரேசனை முதல்முதல் கண்டுபிடிச்சவைக்கு ஆர் காசு சேர்த்துக் குடுத்தது?”

அன்று எமக்கு விடை தெரியவில்லை. தமிழிலக்கியம் கற்ற எமக்கு இருதயம் என்பது உவமைக்குரிய பொருளாகவே பழக்கம். பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். விடை வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கான முன்கதை எம் கரையிலேயே தொடங்குகிறது.

நானாட்டானிலிருந்து தென்மேற்கே கடற்கரைக்குச் சென்றால் அரிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவெனக் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு அங்கே நிற்கிறது; அலை அரிக்க அரிக்கச் சரிந்துகொண்டிருக்கிறது. 1891க்குப் பின்னர் பத்தாண்டுக்கு மேலாக இக்கடலிற் சிப்பி விளையவில்லை. அரசாங்க வருமானம் நின்றது. உடனே விஞ்ஞானம் வரவழைக்கப்பட்டது. லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 ஜனவரியில் இலங்கைக்கு வந்தார். அவருடன் வந்த ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். சிப்பி எதனால் மடிகிறது, அதன் உடலில் என்னென்ன ஒட்டுண்ணிகள் வாழ்கின்றன, முத்து எதனால் உருவாகிறது என்றெல்லாம் ஆராய்ந்து எழுதிய அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக லண்டன் ரோயல் சொசைற்றி வெளியிட்டது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே கடற்படுகைகள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனிக்கு விடப்பட்டன. கம்பெனி 1912இல் முறிந்தது என்பது வேறு கதை.

ஐந்து பாகங்களின் பொருள் சிப்பி. சிப்பிக்காக மூச்சடக்கி மூழ்கிய மனிதன் அல்லன். இதே வன்னி மண்ணில் மக்களின் உடலைத் தின்ற பறங்கி நோய்பற்றி 1881இல் பிரதம வைத்திய அதிகாரி கின்சி எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் ஆட்சி தன் பணத்தை எங்கே தாராளமாகவும், எங்கே கைச்சுருக்கமாகவும் செலவிட்டது என்பதை இந்நூல்களின் பருமனே காட்டும். சிப்பி ஆய்வுக்கு ஆளழைத்தபோது தேசாதிபதியாக இருந்தவர் ரிஜ்வே. அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கி நிற்பதே கொழும்பின் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. எம் நாட்டுக் குழந்தைகளின் இருதய நோய்க்குப் பெரும் புகலிடம் இன்று அதுவே.

அரசாங்கப் பணம் போலத் தனியார் கொடையும் எம் நாட்டில் நோயாராய்ச்சி செய்ததுண்டு. அமெரிக்க எண்ணெய்ச் செல்வர் றொக்பெல்லரின் நிதியம் 1916இல் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. வெறுங்காலுடன் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் குடலிலிருந்த புழு, அமெரிக்கப் பெருஞ்செல்வர் ஒருவருக்கு ஏன் கவலை தர வேண்டும்? புழுவுள்ள உடலில் இரத்தம் குறைவு. இரத்தம் குறைந்த உடல் குறைவாகவே உழைக்கும். இவ்வாதத்தை நிதியத்தின் அதிகாரிகள் ஒளிக்கவில்லை. தோட்டத் துரைமாரை இணங்க வைக்க அதனையே கூறினர். மருந்து கொடுக்க இணங்கிய துரைமாரிற் பலர், மலசலகூடம் கட்டும் செலவென்றதும் பின்வாங்கினர். மருந்துண்ட தொழிலாளி அதே மண்ணில் நடந்து அதே புழுவை மீண்டும் பெற்றான். ஆயினும் 1926இல் அந்நிதியத்தின் துணையோடு களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவே, இன்று நாடெங்குமுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு வித்து. கொடையைப் பற்றி எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

பிறவி இருதய நோய் எந்தத் துரையின் கணக்கிலும் வராத நோய். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு அது உண்டு. அக்காலத்தில் அவர்களிற் பலர் உழைக்கும் வயதை எட்டுமுன்னரே இறந்துவிடுவர். எனவே அவர்களுடைய சாவு எவருடைய இலாபத்தையும் குறைத்ததில்லை. அந்நோயை முதன்முதலில் ஒழுங்காக வகுத்தாய்ந்தவர் கனடாவின் மோட் அபொட் என்னும் பெண்மணி. மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகம் பெண் என்பதற்காக அவரை மருத்துவக் கல்விக்குச் சேர்க்க மறுத்தது. வேறிடத்திற் பட்டம் பெற்று வந்தவரை, அதே பல்கலைக்கழகம் தன் அரும்பொருட்சாலையைப் பேண அமர்த்தியது. போத்தல்களில் ஊறிக் கிடந்த இருதயங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து, பிறநாட்டு வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, ஆயிரம் இருதயங்களின் விபரத்தைத் திரட்டி 1936இல் நூலாக்கினார். கார்னகி நிதியின் மானியம் அவரை வந்தடைந்தது 1940இல். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் காலமானார். நிதியங்கள் மறந்திருந்தவரை ஓர் ஓவியன் மறக்கவில்லை. மெக்சிக்கோ நகரின் தேசிய இருதய நிறுவனத்துச் சுவரிலே கம்யூனிஸ்ட் ஓவியர் டியேகோ றிவேரா தீட்டிய இருதய மருத்துவ வரலாற்றில், ஆண் அறிஞர் கூட்டத்தின் நடுவே தனியொரு பெண்ணாக அபொட் நிற்கிறார்.

தச்சுத் தொழிலாளியின் கேள்விக்கு நேரான விடை அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் உள்ளது. அங்கே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்ற வணிகர் 1873இல் இறந்தபோது, புகைவண்டிக் கம்பெனிப் பங்குகளாற் சேர்த்த எழுபது இலட்சம் டொலரைப் பல்கலைக்கழகத்துக்கும் வைத்தியசாலைக்குமாக விட்டுச் சென்றார். மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் போதவில்லை. அதே புகைவண்டிக் கம்பெனியின் தலைவராயிருந்த கரெற்றின் மகள் மேரி கரெற் மூன்று இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பதே அது. 1893இல் கல்லூரி அந்நிபந்தனையுடனேயே திறந்தது. கொடையாளியின் நிபந்தனை என்றாலே ஐயுறும் எம்மைப் போன்றோரை இது சற்றே தடுமாற வைக்கிறது. அப்பணம் வந்த வழியையும் பார்த்துவிட வேண்டும். 1877இல் அக்கம்பெனி கூலியைப் பத்து வீதம் குறைத்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பல்ரிமோர் வீதியிற் படையினர் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். பெண்களுக்குக் கல்விக் கதவைத் திறந்த திறவுகோல், குறைக்கப்பட்ட அக்கூலியிலிருந்தும் வார்க்கப்பட்டது.

அங்குள்ள சிறுவர் வைத்தியசாலையோ ஒரு தாயின் துயரத்திற் பிறந்தது. ஜனாதிபதி புக்கனனின் மருமகள் ஹரியெற் லேன், வாதக் காய்ச்சலுக்குத் தன் புதல்வர் இருவரையும் பறிகொடுத்தார். அவருடைய மரணசாசனத்தின்படி அமைந்த சிறுவர் இல்லம் 1912இல் திறந்தது. அந்த இல்லத்திலே 1930இல் குழந்தைகளின் இருதயச் சிகிச்சைக்கூடத்துக்குப் பொறுப்பேற்றவர் ஹெலன் தோசிக். ஹார்வாட் மருத்துவக் கல்லூரி அக்காலத்திற் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. ஆகவே பல்ரிமோர் வந்து படித்தவர். செவிப்புலன் குன்றியமையால் குழந்தைகளின் மார்பிலே விரல்களை வைத்து இருதய ஓசையை அறிந்தார். நீலம் பாரித்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒன்றைக் கண்டார். கருவிலிருக்கையில் இருதயத்தின் பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையே ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்தபின் அது தானே மூடிவிடும். சில நீலக் குழந்தைகள் அக்குழாய் மூடும் வரை நலமாயிருந்து, மூடியதும் நலிந்தன. அப்படியாயின், மூடிய குழாய்க்குப் பதிலாகக் கையாற் புதுக் குழாய் ஒன்று அமைத்து நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பினால் என்ன? பொஸ்ரனின் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் குறொஸிடம் கேட்டார். அவர் அக்கறை காட்டவில்லை. பின் தன் நகருக்கு வந்துசேர்ந்த அல்பிறெட் பிளேலொக்கிடம் கேட்டார்.

பிளேலொக்கின் ஆய்வுகூடத்தில் விவியன் தோமஸ் என்னும் கறுப்பின இளைஞர் வேலை செய்தார். 1910இற் பிறந்தவர், தச்சுத் தொழிலாளி. 1929இன் பொருளாதார வீழ்ச்சியோடு மருத்துவம் படிக்கும் திட்டம் தள்ளிப்போக, 1930இல் ஆய்வுகூட உதவியாளர் ஆனார்; படிக்கவெனச் சேமித்த பணமும் பின்னர் வங்கியிற் கரைந்துபோயிற்று. சம்பளப் பட்டியலில் அவருக்கிட்ட பதவியோ துப்புரவுத் தொழிலாளி. நாய்களின் உடலிலே அந்த நாடி இணைப்பை மீண்டும் மீண்டும் செய்து பார்த்து முறையை வகுத்தவர் அவரே. அதற்கேற்ற ஊசிகளையும் கருவிகளையும் திருத்தியமைத்தவரும் அவரே. 1944 நவம்பர் 29ஆம் நாள் பதினைந்து மாதப் பெண்குழந்தை ஒன்றுக்கு முதற் சத்திரசிகிச்சை நடந்தபோது, தோமஸ் ஒரு முக்காலியில் ஏறி நின்று பிளேலொக்கின் தோளுக்கு மேலாகப் பார்த்து, தையல் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்குழந்தை ஓராண்டுகூட வாழவில்லை. ஆயின் பின்வந்த பலரின் நீலம் மேசையிலேயே மறைந்து உதடு சிவந்தது. 1945இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. தோமஸின் பெயர் இல்லை. சம்பளம் போதாமையால் அவர் பிளேலொக்கின் விருந்துகளில் மது பரிமாறியதும் உண்டு. 1976இல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது, அதுவும் சட்டத்துறையில். ஆய்வுகூடத்துக்குப் பணம் கொடுத்தோர் பட்டியல் எல்லா நூல்களிலும் கிடைக்கிறது. தன் கூலிக் குறைவால் அவ்வாய்வைத் தாங்கிய இம்மனிதரை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது?

தோசிக்கின் பெருநூலை 1947இல் வெளியிட்டது கொமன்வெல்த் நிதியம். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இதுவும் றொக்பெல்லரின் ஸ்ராண்டர்ட் எண்ணெய்க் கம்பெனியிற் பங்காளிகளாயிருந்த ஹார்க்னெஸ் குடும்பத்தின் பணமே. அக்கம்பெனியின் வழித்தோன்றலான எஸ்ஸோ உள்ளிட்ட எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்களை இலங்கை அரசாங்கம் பொறுப்பேற்றதற்காக 1963 பெப்ரவரியில் அமெரிக்கா எம் நாட்டுக்கான உதவியை நிறுத்தியதை முதியோர் மறந்திரார். நிதியத்தின் கொடையும் அரசின் உதவியும் ஒன்றல்ல என்பது மெய். எனினும் தருபவன் நிறுத்தவும் வல்லவன் என்பது இரண்டுக்கும் பொது. அமெரிக்க நாடே இதனை ஒருவாறு உணர்ந்தது போலும்: 1948இல் சட்டம் இயற்றித் தேசிய இருதய நிறுவனத்தை அரசாங்கப் பணத்தில் நிறுவியது.

அதன் பின்னும் தனியார் கொடை ஓயவில்லை. 1996இல், இந்நோய்க்கு மகனைப் பறிகொடுத்த மற்றொரு தாய், பிறவி இருதய நோயாராய்ச்சிக்கு மட்டும் மானியம் வழங்கும் நிதியம் ஒன்றை அமெரிக்காவில் தொடங்கினார். ஹரியெற் லேனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும், பணமுள்ள நாட்டிலும், ஒரு தாய் இழந்த பிறகே ஆய்வுக்கு வழி பிறக்க வேண்டியிருக்கிறது. எம் நாட்டில் ஆண்டுக்கு 2500 முதல் 3000 குழந்தைகள் இக்குறையுடன் பிறக்கின்றனர். அவர்களுக்கென ரிஜ்வே வைத்தியசாலையிலே பத்து மாடிச் சிகிச்சைக் கட்டடம் எழுப்ப, குழந்தை வைத்திய நிபுணர் கல்லூரி “லிட்டில் ஹார்ட்ஸ்” என்னும் பெயரில் 200 கோடி ரூபாய் திரட்ட மக்களிடம் வந்தது. உண்டியலிற் காசு போட்டவர்களில் நாமும் உளோம், போட்டதற்கு வருந்தவில்லை. 1951 முதல் அரசாங்க வைத்தியசாலையில் இலவச சிகிச்சை உரிமையாக உள்ள நாட்டிலே, குழந்தையின் இருதயம் மட்டும் உண்டியலை எதிர்பார்த்து நின்றதே என்று கேட்கவே செய்கிறோம்.

மானியம் எதுவுமின்றிப் பிறந்த கண்டுபிடிப்பும் ஒன்றுண்டு. 1941இல் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோமன் கிறெக், பிறவியிலேயே கண்ணில் வெண்படலம் உற்ற குழந்தைகள் திடீரெனப் பெருகியதைக் கண்டார். அவர்களிற் பலருக்கு இருதயக் குறையும் இருந்தது. தம்மிடம் வந்த தாய்மாரின் பேச்சைச் செவிமடுத்தார். கருவுற்ற தொடக்கத்தில் அவர்களுக்கு ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா கண்டிருந்தது. அதற்கான தடுப்பூசியை இலங்கை அரசாங்கம் 1996இல் இலவசமாய்க் கொடுக்கத் தொடங்கியது. 2020இல் ருபெல்லா இந்நாட்டிலிருந்து நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒன்பதாம் மாதக் குழந்தையோடு கிளினிக்கில் வரிசையாய் அமர்ந்திருக்கும் எம்மூர்த் தாய்மார், தம் கையிலிருப்பது ஓர் இருதய மருந்துமாகும் என்பதை அறியார்.

சிறுவனின் சத்திரசிகிச்சை முடிந்து குடும்பம் ஊர் திரும்பிய பின், ஒரு மாலை தந்தையைக் கடைத்தெருவிற் கண்டோம். கேட்ட கேள்விக்கு விடை சொன்னோம்: புகைவண்டிக் கம்பெனி, சாசனம் எழுதிய தாய், காது கேளாத வைத்தியர் என்று நெடுநேரம். பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருந்தவர் தச்சுத் தொழிலாளியின் இடத்திற் குறுக்கிட்டார்.

“அந்த மனுசன்ர பேர் என்ன சேர்?”

“தோமஸ்.”

“தோமஸோ? எங்கட வேதக்காரப் பேராக் கிடக்கு” என்றவர், சட்டைப் பையிலிருந்து பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுத்து, அதன் பின்புறத்தில் அப்பெயரை எழுதித் தரும்படி எம்மிடம் நீட்டினார்.