ஆர்பிஜி மேக்கர்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இருபரிமாணக் கதைப்பாத்திர விளையாட்டுகளை (ஆர்பிஜி) உருவாக்க உதவும் ஜப்பானிய மென்பொருள் வரிசை. 1992இல் பிசி-98 கணினிக்காக அஸ்கி நிறுவனம் வெளியிட்ட பதிப்பிலிருந்து இதன் பெயர் பரவியது. எக்ஸ்பி (2004), விஎக்ஸ் ஏஸ் (2011), எம்வி (2015), எம்இசட் (2020) ஆகியவை பின்னாளில் வந்தவை.

சதுரக் கட்டங்களில் புல், சுவர், தண்ணீர் என்று ஓடு பதிப்பதுபோல் படங்களை அடுக்கினால் ஊரோ குகையோ உருவாகிவிடும். ஆயுதம், மந்திரம், எதிரிகள் ஆகியவற்றின் விவரங்களைத் தரவுத்தளத்தில் நிரப்ப வேண்டும். உண்மையான வேலை ‘ஈவென்ட்’ என்ற அமைப்பில்தான் இருக்கிறது. ஒரு புதையல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் “பொருளைக் கொடு, ‘ஏ’ சுவிட்சை இயக்கு” என்ற கட்டளைகள். சுவிட்ச் இயங்கினால் மட்டும் வரும் இரண்டாம் பக்கத்தில் திறந்த பெட்டியின் படம். அந்தப் பக்கத்தை மறந்தால் ஆட்டக்காரர் அதே பெட்டியில் திரும்பத் திரும்பப் பொருள் எடுத்துக்கொண்டே இருப்பார். ஆக, நிரல்மொழி வேண்டாமே தவிர, நிரலாளரின் யோசனை வேண்டும். மேலும் மாற்ற விரும்புவோருக்கு எக்ஸ்பியில் ரூபி, எம்வியில் ஜாவாஸ்கிரிப்ட்.

கூடவே வரும் படங்களையே பலரும் பயன்படுத்துவதால் ஆட்டங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரிவதுண்டு. குறை கருவியுடையது அன்று. ‘யுமே நிக்கி’ (2004), ‘டு த மூன்’ (2011), ‘ஓமோரி’ (2020) ஆகியவையும் இதில் பிறந்தவையே; ‘டு த மூன்’ விளையாட்டில் சண்டை ஏறக்குறைய இல்லவே இல்லை.